பழைய பிளக்கைக் கேட்டால் புது பிளக் எதுவென்று சொல்லும்

மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு வேங்கைப் பலகை இருந்தது. ஒரு சாண் நீளம், வரிசையாக நான்கு துளைகள், ஒரு முனையில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. எந்த வண்டியில் ஸ்பார்க் பிளக் கழற்றினாலும் அந்தப் பலகையில்தான் வைக்க வேண்டும். சிவப்புப் பொட்டு ரேடியேட்டர் பக்கம். முதல் சிலிண்டர் பிளக் முதல் துளையில், கடைசி சிலிண்டர் பிளக் கடைசித் துளையில். நாலையும் அள்ளிப் பெட்ரோல் டப்பாவுக்குள் போட்டுவிட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிடும். நான் 1986-இல் சேர்ந்தேன், அப்போது எனக்கு 15 வயது. முதல் ஆறு மாதம் அந்தப் பலகை எதற்கென்றே எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது ஒரு சனிக்கிழமை. இரண்டு அம்பாசிடர்கள் அன்று ஒன்றாக வந்தன. ஒன்று தலைமையாசிரியர் ஒருவருடைய வண்டி. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில், மறுபடி வீடு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு நான்கைந்து கிலோமீட்டர் இருக்காது. இன்னொன்று வாடகை வண்டி. தினமும் கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி, குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊட்டிக்குப் போய்த் திரும்பும். இரண்டுமே பெட்ரோல் வண்டி, இரண்டிலும் அதே 1489 சி.சி. எஞ்சின், ஒரே கம்பெனி பிளக், ஒரே எண். இரண்டுக்கும் ஒரே புகார்: மிஸ்ஸிங் அடிக்கிறது, இழுவை இல்லை.

மேஸ்திரி எட்டு பிளக்கையும் கழற்றச் சொன்னார். ஒரு செட்டைப் பலகையிலும் இன்னொரு செட்டை அட்டைப்பெட்டியில் துளை போட்டும் வைத்தேன். இரண்டையும் வெயிலுக்கு எடுத்துப்போய்க் காட்டினார். வாத்தியார் வண்டி பிளக்கின் வாய் முழுக்கக் கரி, அடுப்பங்கரை ஓட்டில் படிகிற மாதிரி உலர்ந்த கரி. விரலால் தொட்டால் மையாக ஒட்டியது. வாடகை வண்டி பிளக்கில் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நடுக்கம்பியின் முனை மழுங்கி உருண்டிருந்தது.

“கண்ணு, ரெண்டும் ஒரே எஞ்சின்தான். ஒரே பிளக்குதான். அப்புறம் ஏன் ஒண்ணு கருத்தும் ஒண்ணு வெளுத்தும் இருக்குது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. “எஞ்சின் ஒண்ணு, பொழப்பு வேற” என்று அவரே சொன்னார். வாத்தியார் வண்டிக்கு ஒரு எண் ஹாட்டான பிளக், மலையேறும் வண்டிக்கு ஒரு எண் கோல்டான பிளக் போட்டுக் கொடுத்தார். வாத்தியாரிடம், “வாரத்துல ஒரு நாளு கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டீட்டு வாங்க சார். எஞ்சின் நல்லாச் சூடாகோணும். இல்லாட்டி எந்தப் பிளக் போட்டாலும் கரி புடிக்கும்” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை பிளக் விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பாடத்தைத்தான். நல்ல பிளக், கெட்ட பிளக் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த எஞ்சின், அதற்கு என்ன பிழைப்பு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லும் சாட்சி, கழற்றி வைத்த பழைய பிளக்.

ஹாட், கோல்டு என்றதும் பொறியின் சூடு கூடும் குறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது பிளக் முனை வாங்கிக்கொள்ளும் சூட்டை, எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறத் தூரம் அதிகம். முனையில் சூடு தங்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு உடனே இறங்கிவிடும். அது கோல்டு பிளக்.

பையன்களுக்கு நான் இதைத் தோசைக்கல்லை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கல் காயவில்லை என்றால் மாவு ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஊற்றியதுமே கருகும். பிளக் முனைக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐ ஒட்டித் தாண்டிவிட்டால் முனையே தணலாகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை நிறுத்தும் பிளக்தான் அந்த வண்டிக்குச் சரியான பிளக்.

மலையடிவாரத்தில் தொழில் செய்ததால் இதில் இன்னொரு நுணுக்கமும் பிடிபட்டது. மலை ஏறும் வண்டிக்குச் சூடு அதிகம், சரி. மலைமேலேயே குடியிருக்கும் வண்டிக்கு? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று இளசு. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பழைய அளவிலேயே இறங்கும், காற்று குறைவாக வரும். கலவை ரிச் ஆகிவிடும். காலைக் குளிரில் சோக்கையும் இழுத்து வைத்து ஓட்டுவார்கள். ஊட்டி டவுனுக்குள்ளேயே ஓடும் கார்களின் பிளக் அந்தக் காலத்தில் வாத்தியார் வண்டி மாதிரிதான் கருத்திருக்கும். ‘மலை வண்டி’ என்று பொதுவாகச் சொல்லிக் கோல்டு பிளக் மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் எந்த ஊர் வண்டி என்பதோடு நான் நிறுத்துவதில்லை, ஒரு நாளைக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்றும் கேட்பேன்.

இவ்வளவு தெரிந்திருந்தும் 1998-இல் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

அப்போது சொந்தப் பட்டறை வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்கறி வியாபாரி ஒருவரின் ஆம்னி வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கோத்தகிரிக்கு மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும், கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கும். பிளக் வெளுத்திருந்தது. ஒரு எண் கோல்டாகப் போடலாம் என்று முடிவெடுத்தேன். முடிவு சரி. அதுவரை என் கை பழகியதெல்லாம் பெங்களூரு மைக்கோ தயாரித்த பாஷ் பிளக். அதில் எண் குறையக் குறையக் கோல்டு. அன்று கடையில் அந்தப் பிளக் இல்லை, ஜப்பான் முறைக் குறியீடு கொண்ட வேறு பிளக் இருந்தது. எண் குறைவாக உள்ளதைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டேன். ஜப்பான் முறையில் கணக்கு நேர் எதிர்: எண் கூடக் கூடத்தான் கோல்டு. வெளுத்த பிளக்கைக் கழற்றிவிட்டு, அதைவிட ஹாட்டான பிளக்கை என் கையாலேயே மாட்டி மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

நான்காம் நாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். “ஏத்தத்துல கடகடன்னு சத்தம் வந்துச்சுங்க. சுமை அதிகம்னு நெனச்சு மிதிச்சுட்டேன்” என்றார் அவர். கழற்றினேன். நடுச் சிலிண்டர் பிளக்கின் கம்பி உருகிக் குண்டுமணி மாதிரி திரண்டிருந்தது. பீங்கானில் வெள்ளிப் பொடி தூவியது போல மின்னல் மின்னலாகப் புள்ளிகள். அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது பிஸ்டன் தலையில் ஓரம் தின்றுபோயிருந்தது. பிஸ்டன், ரிங், லேத் கூலி எல்லாம் என் கையிலிருந்து போட்டேன். வண்டி நின்ற ஒன்பது நாளும் அவர் வேன் வாடகைக்கு எடுத்துக் கேரட் இறக்கினார். அந்த வாடகையையும் கொடுத்தேன். என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை அவர். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதன்பிறகு பிளக்கின்மேல் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். என்.ஜி.கே. பிளக்கில் ‘பி.பி.ஆர்.6.இ.எஸ்.’ என்று இருந்தால்: முதல் ‘பி’ மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர், அடுத்த ‘பி’ பீங்கான் மூக்கு வெளியே நீட்டியிருக்கும் வகை, ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் உண்டு, 6 என்பது சூட்டு எண், ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர், ‘எஸ்’ உள்ளே செம்புக் கம்பி வைத்த சாதாரண வகை. அதே சூட்டுக்கு டென்சோவில் 20 என்று இருக்கும், பாஷில் 7 என்று இருக்கும். மூன்று கம்பெனி, மூன்று கணக்கு. என் பட்டறைச் சுவரில் இந்த ஒப்பீட்டை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கம்பெனி மாறினால் அட்டையைப் பார்க்காமல் யாரும் பிளக் வாங்கப் போகக்கூடாது.

பிளக் தேர்ந்தெடுப்பதில் என் வரிசை இதுதான். முதலில் அளவு, அடுத்து சூடு, அதற்கடுத்து கேப், கடைசியாகத்தான் உலோகம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

அளவு என்றால் மரையின் குறுக்களவு மட்டுமில்லை, நீளமும் சேர்ந்ததுதான். குறுக்களவு பொருந்தினால் பிளக் ஏறிவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். 12.7 மில்லிமீட்டர் மரை வேண்டிய இடத்தில் 19 போட்டால் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். 19 வேண்டிய இடத்தில் குட்டையானதைப் போட்டால் ஹெட்டின் மரையில் மீதமுள்ள சுற்றுகளில் கரி அடைத்துக்கொள்ளும். பிறகு சரியான பிளக்கை மாட்டப் போனாலும் ஏறாது. பலமாகத் திருகினால் மரை போய்விடும். பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். உட்காரும் இடம் தட்டையா, கூம்பா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தட்டையானதற்கு வாஷர் உண்டு, கூம்புக்கு வாஷர் கிடையாது.

கேப் என்பது நடுக்கம்பிக்கும் வளைந்த கம்பிக்கும் உள்ள இடைவெளி. பாயின்ட் வைத்த பழைய வண்டிகளுக்கு 0.6, 0.7 மில்லிமீட்டர் வைப்போம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தபின் 0.8-லிருந்து 1.1 வரை போயிற்று. வண்டியோடு வரும் புத்தகத்தில் எண் இருக்கும், அதுதான் சட்டம். ஃபீலர் கேஜ் உள்ளே போகும்போது லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தொளதொளவென்றும் போகக்கூடாது, சிக்கவும் கூடாது. ஓட ஓடக் கம்பி தேய்ந்து இடைவெளி கூடும். பொறி அதைத் தாண்டிக் குதிக்க இக்னிஷன் காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். 200 ரூபாய் பிளக்கை மாற்றாமல் ஓட்டி, ஆயிரக்கணக்கில் காயிலுக்குச் செலவு செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேஸில் ஓடும் வண்டிக்குக் கலவையைப் பற்றவைக்கவே வோல்டேஜ் அதிகம் வேண்டும். அதற்குக் கேப்பை 0.1, 0.2 குறைத்து வைப்பது என் வழக்கம்.

ரெசிஸ்டர் விஷயத்தைச் சிறியதென்று தள்ளிவிடுகிறார்கள். உள்ளே சுமார் 5,000 ஓம் தடை இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் அது இல்லாவிட்டால் ரேடியோ இரையும், அவ்வளவுதான். இன்று எஞ்சினை நடத்துவது கம்ப்யூட்டர். அந்த இரைச்சல் சென்சார் வயர்களுக்குள் புகுந்தால் எங்கே கோளாறு என்று தேடியே இரண்டு நாள் போய்விடும். ‘ஆர்’ எழுத்து இருந்த இடத்தில் ‘ஆர்’ இருந்தே ஆக வேண்டும்.

இனி உலோகம். சாதாரண நிக்கல் பிளக்கின் நடுக்கம்பி 2.5 மில்லிமீட்டர் கனம். இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும்; அதனால் அதன் முனையை 0.6, 0.4 மில்லிமீட்டர் வரை மெல்லிசாக்க முடிகிறது. முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். வளைந்த கம்பியிலும் பிளாட்டினம் பொட்டு வைத்த வகை ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும். எல்லா இரிடியமும் அப்படியில்லை. எதிரே இருப்பது வெறும் நிக்கல் கம்பி என்றால் ஆயுள் அந்த நிக்கலின் ஆயுள்தான். இதைக் கவனித்து வாங்குகிறவர்கள் குறைவு.

எனக்கு இரிடியத்தின்மேல் வெறுப்பில்லை. 2003-இல் ஹோண்டா சிட்டி ஐ.டி.எஸ்.ஐ. வந்தது. நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். முன்வரிசை நான்கு கைக்கு எட்டும், பின்வரிசை நான்கைக் கழற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். முன்னால் நான்கை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. பின்வரிசையில் கேப் தேய்ந்து ஒன்றரை மடங்காகிக் கிடக்கும். அப்படி அடிக்கடி கழற்ற முடியாத இடத்துக்கு நீண்ட ஆயுள் பிளக் நல்ல முதலீடு. டர்போ வண்டிக்குக் கம்பெனியே இரிடியம் சொல்லியிருந்தால் அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஆனால் ஒருவர் பழைய மாருதி 800-க்கு நெட்டில் பார்த்து இரிடியம் வாங்கி வந்தார். வால்வு கைடு தேய்ந்து ஆயில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்த வண்டி அது. “ஆயில் வேலையை முதல்ல பாப்போம் சார், பிளக்கைப் பத்திரமா வீட்ல வைங்க” என்றேன். கேட்கவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டரில் இரிடியம் முனை ஈரக் கரியில் மூழ்கிப்போய் வந்தது. எஞ்சினின் நோய்க்குப் பிளக் மருந்தாகாது.

மாட்டும் கைக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. அம்பாசிடர் ஹெட் வார்ப்பிரும்பு. நாங்கள் ஸ்பேனரில் முழங்கை பலத்தைக் காட்டித்தான் பழகினோம். மாருதி வந்தபோது ஹெட் அலுமினியம். அதே பலத்தைக் காட்டி மரையைப் பிய்த்தவர்கள் எங்கள் ஊரில் மட்டும் ஐந்தாறு பேர். எஞ்சின் ஆறியபின்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் குழியிலுள்ள மண்ணைக் காற்றடித்து எடுத்துவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒரு முழம் பெட்ரோல் டியூபின் வாயில் பிளக்கின் தலையைச் செருகி, டியூபை விரலால் திருகி ஏற்றுவேன். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கும், பிளக் நகராது. மரைக்கு ஒரு சேதமும் வராது. கையால் உட்கார்ந்தபின், வாஷர் புதிதென்றால் அரைச் சுற்று, கூடினால் முக்காலை எட்டாமல். டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25-லிருந்து 30 நியூட்டன் மீட்டர்.

பிளக்கை வாசிப்பதும் காலத்தோடு மாறியது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. அதற்கு முன் நல்ல பிளக்கின் நிறம் காப்பிப்பொடி நிறம் என்று பழகியிருந்தோம். ஈயம் போனபின் நல்ல பிளக்கே வெளிர்சாம்பலாக, லேசான சந்தன நிறத்தில் வரத் தொடங்கியது. வெளுத்துவிட்டது என்று பயந்து கோல்டு பிளக் மாட்டியவர்கள் உண்டு. இப்போது நிறத்தை மட்டும் நம்பாமல், பீங்கானில் கொப்புளம் இருக்கிறதா, கம்பியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். வெளிப்புறப் பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் இருந்தால் கேஸ் லீக் என்று பையன்கள் தூக்கிப் போடுவார்கள். அது லீக் இல்லை. அதிக வோல்டேஜ் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை. மேலிருந்து கீழே ஓடும் மெல்லிய கருங்கோடு இருந்தால்தான் பயப்பட வேண்டும். மின்சாரம் வெளிப்பக்கமாகப் பாய்ந்த தடம் அது.

அந்த வேங்கைப் பலகை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மேஸ்திரி பட்டறையை மூடிய நாளில் என் கையில் கொடுத்தார். சிவப்புப் பொட்டு தேய்ந்துவிட்டது, இரண்டு முறை புதுப்பித்துவிட்டேன்.

போன மாதம் ஒரு கார் வந்தது. மூன்று இடத்தில் கேட்டுவிட்டு, விலை உயர்ந்த பிளக் நான்கை வாங்கி சீட்டில் வைத்துக்கொண்டே ஓட்டி வந்திருந்தார் அந்தத் தம்பி. என்னிடம் வேலை பழகும் பையன் நான்கு பிளக்கையும் கழற்றிப் பலகையில் வைத்தான். நான் வேறு வண்டியின் அடியில் படுத்திருந்தேன்.

“அண்ணா, மூணு பிளக் நல்லாத்தான் இருக்குதுங்க. மூணாவது மட்டும் கருப்பா, ஈரமா இருக்குது. தொட்டுப் பாத்தேன், ஆயில் இல்லீங்க, பெட்ரோல். அந்தக் காயிலைக் கழட்டி ரெண்டாவதுல மாத்திப் போட்டுப் பாக்கட்டுங்களா?”

“போட்டுப் பாரு” என்றேன்.

மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டருக்கு மாறியது. காயில்தான் போயிருந்தது. மூன்றாவது பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கேப் பார்த்து, அந்த நான்கையே திரும்ப மாட்டினான். வாங்கி வந்த புதுப் பெட்டியைப் பிரிக்காமல் அந்தத் தம்பியின் கையில் கொடுத்து, “பில்லு இருந்தா கடையில திருப்பிக் குடுத்துருங்க” என்று சொன்னதும் அவன்தான். அவனுக்கு ஒரு பலகை செய்யச் சொல்லி ஆசாரியிடம் மரம் கொடுத்திருக்கிறேன்.